ஐந்தாம் நாள்

எங்கள் வீட்டில் ‘கேன்சர்’ என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ‘அந்த நோய்’ என்பார்கள். அத்தை இன்னும் ஒருபடி மேலே போய், ‘அது’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். பெயரைச் சொன்னால் வாசற்படி ஏறி வந்துவிடுமோ என்ற பயம். யாரும் பெயர் சொல்லாமலேயே, 2014-ஆம் ஆண்டு மே மாதம் அது எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மாவுக்கு அப்போது 51 வயது. கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. சோதனைகள் முடிந்து, லிம்போமா என்றார்கள். நிணநீர்க் கணுக்களில் தோன்றும் ஒரு வகைப் புற்றுநோய்.

நான் அப்போது கோலாலம்பூரில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்த இரண்டாம் ஆண்டு மாணவி. வீடு சுங்கை சிப்புட்டில். அப்பா லோரி ஓட்டுநர். அண்ணன் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அம்மா தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணத்திற்குப் பிறகு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமையல் வேலை பார்த்தவர்.

மருத்துவர் நம்பிக்கையோடுதான் பேசினார். அம்மாவுக்கு வந்திருப்பது வேகமாக வளரும் வகை. ஆனால் மருந்துக்கும் நன்றாகக் கட்டுப்படும். இதில் பாதிக்கும் மேற்பட்டோர் குணமடைகிறார்கள் என்றார். 21 நாள்களுக்கு ஒருமுறை, மொத்தம் ஆறு தடவை கீமோதெரப்பி. முதல் தடவை ஜூலையில் நடந்தது. நான் உடன் இருந்துவிட்டுப் பல்கலைக்கழகம் திரும்பினேன்.

பத்தாம் நாள் இரவு அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். “அம்மாவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துட்டோம். நீ காலைல வந்துடு” என்றார். அண்ணன் எப்போதும் என்னை ‘வா’ என்று கூப்பிட்டதில்லை. ‘படிப்பைப் பாரு’ என்றுதான் சொல்வார். அதனால் விஷயம் பெரிது என்று புரிந்தது.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் அணுக்களைத் தேடி அழிக்கும். புற்று அணுவும் வேகமாகப் பெருகுகிறது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளணுக்களும் வேகமாகப் பெருகுகின்றன. மருந்துக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் கிருமிகளோடு போராடும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துபோகும். இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்கும் கீழே இறங்கிவிட்டால், நம் குடலில் சாதுவாக இருக்கும் கிருமியே இரத்தத்தில் ஏறி ஆளைக் கொல்லப் பார்க்கும். அம்மாவுக்கு நடந்தது அதுதான். காலையில் நான் வார்டுக்குள் நுழைந்தபோது அவரது இரத்த அழுத்தம் 80-ஐத் தாண்டவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்பட்டை ஏறி இறங்கியது.

ஐ.சி.யு. எனப்படும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இடம் கேட்டோம். வார்டில் இருந்த இளம் மருத்துவர் தயங்கினார். படுக்கைகள் குறைவு, அதோடு இவர் புற்றுநோயாளி, பார்க்கலாம் என்றார். ஓர் இரவு ஏற்கெனவே போயிருந்தது. அன்று நண்பகலும் போனது. அந்த மருத்துவர்மீது அன்று எனக்குக் கடுங்கோபம். இப்போது அவ்வளவு இல்லை. 1980-களிலும் 1990-களிலும் வந்த ஆய்வுகள், சுவாசக் கருவி பொருத்தப்பட்ட புற்றுநோயாளிகளில் பெரும்பாலோர் இறந்துவிட்டதையே காட்டின. ‘புற்றுநோயாளிக்கு ஐ.சி.யு. வீண்’ என்பது ஒரு தலைமுறை மருத்துவர்கள் கற்ற பாடம். பாடம் மாறிவிட்டது, எல்லா வார்டுகளுக்கும் அந்தச் செய்தி ஒரே நாளில் போய்ச் சேருவதில்லை.

பிற்பகலில் ஐ.சி.யு. நிபுணர் ஒருவர் இறங்கி வந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க மலாய்ப் பெண்மணி. அம்மாவைச் சோதித்துவிட்டு, எங்களை ஒரு சிறிய அறையில் உட்கார வைத்தார். அப்பாவுக்கு லோரி ஓட்டத் தேவையான மலாய் நன்றாகத் தெரியும். ஆனால் மருத்துவர் பேசிய மலாய் வேறு. இடையிடையே வந்த ஆங்கிலம் அதைவிட வேறு. ஆகவே நான்தான் மொழிபெயர்ப்பாளர். இதைப் படிக்கும் உங்களில் பலரும் வங்கியிலும் அரசாங்க அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் குடும்பத்திற்காக இந்த வேலையைச் செய்திருப்பீர்கள். பல்கலைக்கழகம் போன பிள்ளை என்றால், அது நம் தலையில் எழுதி வைத்த வேலை.

அவர் சொன்னதன் சாரம் இதுதான்: “நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது, அதற்குச் சிகிச்சை இருக்கிறது. இப்போது அவரைச் சாய்த்திருப்பது கிருமி. ஐந்து நாள்களுக்கு எங்களால் முடிந்த அனைத்தையும் செய்வோம், எதையும் குறைக்க மாட்டோம். ஐந்தாம் நாள் மறுபடியும் இதே அறையில் உட்கார்ந்து பேசுவோம். அவர் தேறுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றுகூட என்னால் சொல்ல முடியாது.” பிறகு ஒரு கேள்வி கேட்டார். “இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அம்மா எப்போதாவது சொல்லியிருக்கிறாரா?”

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என்ன சொல்வது? அம்மாவிடம் நோயின் பெயரையே நாங்கள் சொல்லியிருக்கவில்லை. ‘கழுத்துக் கட்டிக்கு மருந்து’ என்றுதான் சொல்லி வைத்திருந்தோம்.

“டாக்டர் என்னம்மா சொல்றாங்க?” என்று அப்பா கேட்டார். நான் சொன்னேன்: “அஞ்சு நாள்ல சரியாயிடும்னு சொல்றாங்கப்பா.”

அப்பா எழுந்து நின்று மருத்துவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். இப்படிப்பட்ட செய்திக்கு யாராவது கும்பிடுவார்களா? மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அன்று மாலையே அம்மாவுக்குச் சுவாசக் கருவி பொருத்தினார்கள். தொண்டை வழியாக ஒரு குழாய், கழுத்து நரம்பில் ஒரு குழாய், இரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்து, இரண்டு வகை எதிருயிரி, வெள்ளணுக்களை ஊக்கும் ஊசி. பார்க்க அனுமதித்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிதான். இரவு முழுவதும் மடிக்கணினியில், பல்கலைக்கழக நூலகக் கணக்கைக் கொண்டு, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தேன். மருத்துவம் எனக்குப் புரியாது, எண்கள் புரியும்.

முதலில் படித்தது ஐ.சி.யு. பிறந்த கதை. 1952-ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் போலியோ பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து நோயாளிகள் இறந்துகொண்டிருந்தார்கள். மயக்க மருத்துவரான பியோர்ன் இப்சன், தொண்டையில் துளையிட்டு, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தலாம் என்று காட்டினார். யார் அழுத்துவது? மாணவர்கள்! ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும், வாரக்கணக்கில் கையால் அழுத்தினார்கள். பெரும்பாலோர் இறந்துபோகும் நிலை மாறி, பெரும்பாலோர் பிழைக்கும் நிலை வந்தது. அடுத்த ஆண்டே இப்சன் அந்நகரில் தீவிர சிகிச்சைக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். என் வயது மாணவர்கள்! கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாவுக்காக இயந்திரம் செய்துகொண்டிருந்த வேலையை அன்று அவர்கள் கையால் செய்திருக்கிறார்கள். நான் இரண்டு வாக்கியங்களைச் சரியாக மொழிபெயர்க்கவில்லை.

அடுத்து, புற்றுநோயாளிகளைப் பற்றிய ஆய்வுகள். 2002-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் 198 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் எடுத்த கணக்கு ஒன்று 2009-இல் வெளிவந்திருந்தது. நுரையீரல், குடல், மார்பகம் போன்ற உறுப்புகளில் கட்டியாக வரும் புற்றுநோய் உள்ளவர்களில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 27 விழுக்காடு. புற்றுநோய் இல்லாத மற்ற நோயாளிகளில் 23 விழுக்காடு. அவ்வளவுதான் வித்தியாசம். இரத்தப் புற்றுநோய் வகைகளில் மட்டும் அது 58 விழுக்காடு. லிம்போமாவும் அதில் சேர்ந்ததே. மூன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் செயலிழந்தால் புற்றுநோயாளிகளில் நான்கில் மூன்று பேருக்கும் மேல் இறந்திருந்தார்கள். மற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர். ஆக, ‘புற்றுநோயா, இல்லையா’ என்பது மட்டும் கேள்வி அல்ல. எத்தனை உறுப்புகள் விழுந்திருக்கின்றன என்பதே பெரிய கேள்வி.

மூன்றாவதாகப் படித்தது பாரிஸ் நகர மருத்துவர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு. மருத்துவர் சொன்ன ‘ஐந்து நாள்’ எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. சுவாசக் கருவி தேவைப்பட்ட 188 புற்றுநோயாளிகளை, ‘இவர் தேறுவார், இவர் தேறமாட்டார்’ என்று வாசலிலேயே பிரிக்காமல், உள்ளே எடுத்து முழுச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் 103 பேர் உயிரோடு இருந்தார்கள். கடைசியில் பிழைத்தவர்கள் 188 பேரில் ஏறக்குறைய 22 விழுக்காடு. ஐந்தாம் நாளைத் தாண்டியவர்களில் 40 விழுக்காடு.

எண்களைவிட முக்கியமான செய்தி வேறு ஒன்று. சேர்க்கும் நாளில் யார் பிழைப்பார் என்று சொல்ல எந்த அடையாளமும் இல்லை. ஆறாம் நாளில் உறுப்புகளின் நிலையைப் பார்த்து ஓரளவு சொல்ல முடிந்தது. மூன்று நாள்களுக்குப் பிறகு புதிதாகச் சுவாசக் கருவியோ, அழுத்த மருந்தோ, சிறுநீரகச் சுத்திகரிப்போ தேவைப்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஆக, ஐந்து நாள் என்பது ஆறுதலுக்குச் சொன்ன கணக்கு அல்ல. முதல் நாள் கதவை மூடாதே. ஐந்தாம் நாள் கண்ணை மூடாதே. இதுதான் அதன் பொருள்.

நூற்றுக்கு 22 என்பது வகுப்பறையில் வெறும் விகிதம். ஐ.சி.யு. வாசலில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அம்மா 22 விழுக்காடு பிழைக்க முடியாது. இருப்பார், அல்லது இருக்க மாட்டார். ஆனாலும் அந்த எண் எனக்குப் பாரமாக இல்லை. என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தது. ஒவ்வொரு காலையும் தாதியிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. “அழுத்த மருந்தின் அளவு கூடியதா, குறைந்ததா? சிறுநீர் போகிறதா? வெள்ளணு எவ்வளவு?” அப்பாவுக்கு மட்டும்தான் எதுவும் தெரியாது. தெரியாமல் செய்தது நான்.

நான்காம் நாள் இரவு அப்பாவும் நானும் மாமாக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அவராகவே சொன்னார்: “எனக்குத் தெரியும்மா. அந்த டாக்டரம்மா மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. நீ சொன்னதையே நம்பற மாதிரி இருந்துட்டேன். நீ பயந்துடக் கூடாதில்ல.” நான் அப்பாவுக்காகப் பொய் சொன்னேன், அப்பா எனக்காக அதை நம்பினார். நான்கு நாள்களும் ஒரே பயத்தை ஆளுக்கொரு பக்கமாகத் தனித்தனியே சுமந்திருக்கிறோம். என் பொய்யால் குறைந்தது பயம் அல்ல, பேச்சுதான்.

ஐந்தாம் நாள் அதே அறையில் உட்கார்ந்தோம். அழுத்த மருந்து பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. சிறுநீரகம் வேலை செய்தது. வெள்ளணுக்கள் ஏறத் தொடங்கியிருந்தன. “தொடரலாம்” என்றார் மருத்துவர். இந்த முறை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். எட்டாம் நாள் குழாயை எடுத்தார்கள்.

ஆனால் பக்கத்துப் படுக்கையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் மறுபடியும் தவறாக மொழிபெயர்த்தவளாவேன். அங்கே தைப்பிங் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஐயா இருந்தார். நுரையீரல் புற்றுநோய், கல்லீரல்வரை பரவி, மருந்துகளும் பலனளிக்காமல் போன நிலை. மூச்சுத் திணறலோடு கொண்டுவந்து, யாரும் எதுவும் பேசாமல், சுவாசக் கருவியில் போட்டிருந்தார்கள். ஒவ்வோர் உறுப்பாக விழுந்தது. அம்மாவின் குழாயை எடுத்த மறுநாள் அவர் இறந்தார். அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “குழாய மாட்டறதுக்கு முன்னாடி, இனிமே பேச முடியாதுன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருப்பேம்மா.” பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தக் குரல் என் காதில் இருக்கிறது.

குழாய் எடுத்த பிறகு அம்மாவுக்கு இரண்டு நாள் மனக்குழப்பம். ஐ.சி.யு.வில் இது அடிக்கடி நடப்பதாம். “பெரட்டுக்கு நேரமாச்சு, வாளிய எடு” என்று என்னை விரட்டினார். ஏதோ ஒரு ரப்பர்த் தோட்டத்தின் விடியற்காலையில் இருந்தார். மைலோ குவளையைப் பிடிக்கக் கையில் பலமில்லை. தாங்கிப் பிடிக்காமல் நடக்க மூன்று வாரம் ஆனது. அதன் பிறகு மருந்தின் அளவைச் சற்றுக் குறைத்துச் சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். மீதி ஐந்து தடவையும் முடித்தார். நோய் அடங்கியது. 2015 தீபாவளிக்கு முறுக்கு அவர்தான் பிழிந்தார்.

அம்மா விதிவிலக்கு அல்ல. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 17 மருத்துவமனைகளில், ஐ.சி.யு.வில் சேர்ந்த 1,011 இரத்தப் புற்றுநோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2013-இல் வந்தது. அவர்களில் ஏறக்குறைய 61 விழுக்காட்டினர் மருத்துவமனையிலிருந்து உயிரோடு வீடு திரும்பினார்கள். 43 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பிறகும் இருந்தார்கள். மருத்துவமனைக்கு வந்த 24 மணி நேரத்திற்குள் ஐ.சி.யு.வில் சேர்க்கப்பட்டவர்களில் இறப்பு குறைவாக இருந்தது. வார்டில் காத்திருந்த அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

2016 நவம்பரில் நோய் திரும்பியது. இரண்டாம் கட்ட மருந்துகள் பலிக்கவில்லை. 2017 பிப்ரவரியில் மருத்துவர் எங்களை அழைத்து, மறுபடியும் மூச்சுத் திணறல் வந்தால் என்ன செய்வது என்று வீட்டில் பேசிக்கொள்ளச் சொன்னார். இந்தத் தடவை நான் அப்பாவிடம் கேட்கவில்லை, பெரியப்பாவிடம் கேட்கவில்லை. வீட்டு முன்வாசலில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சொற்களில் தொடங்குவது என்று விளங்காமல் திணறினேன். அம்மாதான் தொடங்கினார்.

“கேன்சர்தானே? எனக்கு மொதல் நாளே தெரியும். பக்கத்துக் கட்டில் சீன அம்மா மலாய்ல சொல்லிட்டாங்க. நீங்க எல்லாரும் மறைக்கப் பாடுபட்டீங்களா, சரி பாவம்னு விட்டுட்டேன்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், சுவாசக் கருவி, ஐந்து நாள், எல்லாம். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“போன தடவை மாதிரி எந்திரிச்சிடுவேனா?”

“இல்லம்மா. போன தடவை உங்களைச் சாய்ச்சது கிருமி. மருந்து கிருமியக் கொன்னுடுச்சு. இந்தத் தடவை நோயேதான். அதுக்கு மருந்து இல்ல. மெஷின் மூச்சு விடும், ஆனா நோயைக் குணப்படுத்தாது.”

கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப வேணாம். அதை மாட்டிட்டா பேச முடியாது. எனக்கு உங்ககிட்டல்லாம் பேசணும்.”

வலி தணிப்புப் பராமரிப்புக் குழுவின் தாதிகள் வீட்டுக்கு வந்தார்கள். மார்ஃபின் மருந்து மூச்சுத் திணறலையும் தணித்தது. ஒன்பது வாரம் அம்மா எங்களோடு பேசினார். அண்ணனுக்குப் பெண் பார்ப்பதைப் பற்றி, சேமிப்புப் புத்தகத்தைப் பற்றி, நான் ஆறு வயதில் தொலைந்துபோனதைப் பற்றி. ஏப்ரல் மாதம் ஒரு விடியற்காலையில், தம் சொந்தக் கட்டிலில் இறந்தார்.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகில் இருந்து கவனிப்பவர். அதில் முதலில் வருபவர் நோயாளி. 2014-இல் எங்களிடம் மருத்துவர் இருந்தார், மருந்து இருந்தது, கவனிக்க நாங்கள் இருந்தோம். நோயாளியை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் பிழைத்தது எங்கள் நல்ல காலம். 2017-இல் நால்வரும் இருந்தார்கள். அவர் இறந்தார், ஆனால் எங்களில் யாருக்கும் ‘ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே’ என்ற ஏக்கம் இல்லை. ஒரே அம்மா, ஒரே நோய். முதல் தடவை ஐ.சி.யு. சரியான விடை, இரண்டாம் தடவை அது தவறான விடையாகியிருக்கும்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒருநாள் நீங்கள்தான் மொழிபெயர்ப்பாளராக நிற்பீர்கள். அன்று மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். இப்போது இவரைச் சாய்த்திருப்பது எது, அதைச் சரிசெய்ய முடியுமா? எத்தனை உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றன? இந்த நெருக்கடியைத் தாண்டினால் புற்றுநோய்க்கு மேற்கொண்டு சிகிச்சை இருக்கிறதா? எத்தனை நாள் கழித்து நாம் மறுபடியும் உட்கார்ந்து பேசுவோம்? வரும் பதில்களை அப்படியே தமிழில் சொல்லுங்கள்.

ஐந்தாவது கேள்வி மருத்துவருக்கு அல்ல, அம்மாவுக்கும் அப்பாவுக்கும். அதை ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்வரை வைத்திருக்காதீர்கள். வரும் விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது, நல்ல உடம்போடு இருக்கும்போதே, முன்வாசலில் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்: “உங்களுக்கு என்ன வேணும்?” முதலில் திட்டுவார்கள். ‘வாயக் கழுவு’ என்பார்கள். பரவாயில்லை. அடுத்த விடுமுறையில் மறுபடியும் கேளுங்கள்.